அங்கீகாரம் பெற்ற ரப்பர் மரம்

தாயம்மாவின் மூளையில் ரத்தம் கட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமைக்குள் ஆஸ்பத்திரிக்காரர்கள் அதைக் கரைத்துவிட்டார்கள். அவளுக்கு இனி ஒன்றுமில்லை என்று நிரூபிப்பதற்குத்தான் நான்கு மாதம் பிடித்தது.

கோலா பிலாவைத் தாண்டி உள்ளே போனால் சுங்கை லிந்தாங் தோட்டம். முக்கால்வாசிக்கு மேல் எண்ணெய்ச் செம்பனை ஆகிவிட்டது. என்ன காரணத்தாலோ கம்பெனி பதினாலாம் காடு என்கிற பகுதியை மட்டும் ரப்பராகவே விட்டு வைத்திருந்தது. அதில் முன்னூற்று இருபது மரம் தாயம்மாவின் நிரை. ஐம்பத்தேழு வயதில் முப்பத்து நான்கு வருஷம் பால் வெட்டியவள் அவள். ரத்தம் கட்டியதில் இடது கை மட்டும் தொங்கிப் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பிசைவதற்கு ரப்பர் பந்து ஒன்று கொடுத்தாள். டிவி பார்த்துக்கொண்டே பிசைந்தாள் தாயம்மா. ஆறு வாரத்தில் கை திரும்பி வந்துவிட்டது. கொண்டை போட்டாள், துணி பிழிந்தாள், தண்ணீர் நிறைந்த வாளியை இடது கையால் தூக்கிப் பக்கத்து வீட்டு மங்கம்மாவுக்குக் காட்டினாள். மங்கம்மா கைதட்டினாள். அறிவியல் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

"கை வந்துருச்சு தம்பி. நாளைலேருந்து மரத்துக்குப் போறேன்" என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வீரமுத்துவிடம் போய்ச் சொன்னாள்.

வீரமுத்து தலையைச் சொறிந்தார். கெட்ட சேதி சொல்வதற்கு முன்னால் அவர் அப்படித்தான் செய்வார்.

"போலாம்க்கா. ஆனா பேப்பர் வேணுமே."

"என்னா பேப்பர்?"

"மூளையில அடிபட்ட ஆளுங்களுக்குப் புது ரூல் போட்டிருக்காங்க. செண்டாயான்ல ஒரு செண்டர் தொறந்திருக்கு. அங்க பாஸ் பண்ணி 'ஃபிட்'னு லெட்டர் கொண்டாந்தாத்தான் கத்தியக் கையில குடுக்கணுமாம். டிசம்பர் கடைசிக்குள்ள வரலன்னா..."

"வரலன்னா?"

"நிரைக்கு வேற ஆள் போடுவாங்க. வேல இல்லாத ஆளுக்கு வீடும் இல்லலா. மேனேஜர் சொல்லச் சொன்னாரு. நான் சொல்லல."

ஆக, முன்னூற்று இருபது மரமும் இரண்டு அறை வீடும் ஒரு காகிதத்தில் வந்து நின்றன.

அந்த இடத்தின் முழுப் பெயர் நரம்பியல் மெய்நிகர் மறுவாழ்வு உன்னத மையம். உன்னதம் என்பதைப் பெயர்ப்பலகையிலேயே எழுதிவிட்டதால் உள்ளே அதைத் தேடுகிற வேலை யாருக்கும் இல்லை. மகள் ஷாமினி செண்டாயானில்தான் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். ஷிப்டை மாற்றிக்கொண்டு அம்மாவைத் தன் மைவி காரில் அழைத்துப் போனாள்.

மையத்தில் கூட்டமே இல்லை. ஆறு நாற்காலி, ஒரு பூந்தொட்டி, பற்கள் கிட்டிக்கொள்கிற அளவுக்கு ஏர்கோன். சிகிச்சையாளர் தர்ஷிகா என்கிற இளம்பெண் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"வாங்க ஆண்ட்டி. முதல்ல வெயிட்டிங் ரூமுக்குப் போலாம்."

"இது வெயிட்டிங் ரூம் இல்லியா?"

"இது ரூம் ஆண்ட்டி. வெயிட்டிங் ரூம் இதுக்குள்ள இருக்கு" என்று ஒரு கறுப்புக் கண்ணாடிப் பெட்டியை நீட்டினாள். மோட்டார் ஹெல்மெட்டின் முன்பாதியை வெட்டி எடுத்தது போல இருந்தது அது.

தரக் கையேட்டின்படி நோயாளி நாற்பத்தைந்து நிமிடமாவது காத்திருந்தால்தான் சேவையின் மதிப்பை உணர்வார். கட்டடத்தில் காத்திருக்க இடமும் இல்லை, முன்னால் நிற்க ஆட்களும் இல்லை. ஆகவே மையம் நல்ல செலவில் ஒரு மெய்நிகர் காத்திருப்பு அறையைக் கட்டியிருந்தது. தாயம்மா பெட்டியைக் கண்ணில் மாட்டியதும் நாற்பது நாற்காலிகள் தெரிந்தன. சுவரில் எண் பலகை. அவள் எண் 1047. ஓடிக்கொண்டிருந்தது 1002. பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார். நிஜம் போல இருக்கட்டும் என்று சேர்த்தது.

"என்னாங்கய்யா, இப்படி இருமுறீங்க? எந்தத் தோட்டம் நீங்க?" என்றாள் தாயம்மா.

கிழவர் இருமினார்.

"ஷாமினி, அந்தச் சுடுதண்ணி ஃபிளாஸ்க்க எடு. இந்த மனுஷன் போயிடுவாரு போலருக்கு."

"அம்மா, அங்க யாரும் இல்லம்மா."

"இல்லாமத்தான் இருமுறாரா? நீ எடுடி."

நாற்பத்தைந்து நிமிடம் வெறும் காற்றுக்கு ஃபிளாஸ்க் மூடியில் சுடுதண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தாள் தாயம்மா. இடது கையால்தான். அது ஆடவே இல்லை. ஆனால் காத்திருப்பு அறையில் கையை அளக்கிற ஏற்பாடு இல்லாததால் எந்தப் பதிவிலும் அது ஏறவில்லை.

பதிவில் ஏறியது அடுத்த அறை. அது பனிமலை. இடது கையால் பனிக்கட்டி உருண்டைகளைப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். எல்லாம் பொறுக்கினாள். ஆனால் பனியைப் பார்த்ததும் உடம்பு நடுங்கியது. மேலே ஏர்கோன் வேறு பதினெட்டில் ஓடியது. கருவி அந்த நடுக்கத்தைக் கவனமாக எண்ணி, நிமிடத்துக்கு இருநூற்றுப் பதினான்கு என்று எழுதியது.

அறிக்கையைப் படித்த இயக்குநர் டாக்டர் கிருபானந்தன் தாயம்மாவைத் தம் அறைக்கு அழைத்தார். அவர் எந்த வகை டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கட்டத்தை அவர் கடந்து பதினைந்து வருஷமாகிறது. தமிழை மேடையில் பழகியவர், மேஜையிலும் மேடைத் தமிழ்தான்.

"அம்மா, பனி உங்கள் பண்பாட்டுக்கு அந்நியமானது. அதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். ஆகவே தோட்டத்து மக்களுக்கென்றே ஒரு ரப்பர் தோட்டத்தை உருவாக்கியிருக்கிறோம். அதற்காக மூன்று குழுக்கள் அமைத்தோம். எந்தக் குழுவிலும் பால் வெட்டுகிறவர் எவரும் இல்லை. அவர்கள் இருந்தால் விஷயம் உணர்ச்சிவசப்பட்டுவிடும். விளங்குதோ?"

"விளங்குதுங்க" என்றாள் தாயம்மா. டாக்டரிடம் எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது அவள் அனுபவம்.

"என்னுடைய பூட்டனார் இதே கோலா பிலாப் பக்கம் தோட்டக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ரப்பர் மரம் எங்களுக்குப் புதிதல்ல. முப்பது வருஷத்தில் அவர் ஒரு மரத்தைக்கூடக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. தூரத்தில் இருந்தே மரத்தை ஆள்வது எங்கள் குடும்பத்துக்குக் கைவந்த கலை."

மெய்நிகர் ரப்பர் தோட்டம் அழகாகவே இருந்தது. விடிகிற நேரம், பனிமூட்டம், குருவிச் சத்தம். கொசு மட்டும் இல்லை. தாயம்மாவின் மனசு குளிர்ந்தது. கையில் கத்தி மாதிரி ஒரு பிடியைக் கொடுத்திருந்தார்கள். முதல் மரத்தை நெருங்கினாள். அடுத்த நிமிடம் மையமே அதிரும்படி ஒரு சத்தம் வந்தது.

"எந்தப் படுபாவிடா இந்த மரத்த இப்படிக் கெடுத்து வச்சிருக்கான்!"

பால்மரத்தின் முன்னால் நின்றால், வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடுகிற நரம்புகள் அதற்கு எதிர்ச்சாய்வாக ஏறுகின்றன. இப்படி வெட்டினால்தான் அதிக நரம்பு அறுபட்டு அதிகப் பால் வரும். இறங்குகிற முனையில், வலப்பக்கம், பால் வடியத் தகரமும் அதன் கீழ் பாலைப் பிடிக்கும் மங்கும் இருக்கும். தோட்டத்தில் நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் இது தெரியும். மையத்து மரத்திலோ வெட்டு வலப்பக்கம் மேலே தொடங்கி இடப்பக்கம் கீழே வந்தது. மங்கு இடப்பக்கம் தொங்கியது. கண்ணாடியில் பார்த்த மரம்.

அந்தப் பழுது மேல் கத்தி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் நல்ல பட்டையாகப் பார்த்து, முறைப்படி இடது மேலிருந்து வலது கீழாக ஒரு கோடு இழுத்தாள். இடது கை கத்தியை அணைத்துப் பிடித்தது. நடுக்கம் இல்லை, பிசிறு இல்லை, மரத்துக்குக் காயமும் இல்லை.

'பேங்' என்று ஒரு சத்தம். மரம் சிவந்தது. "தவறு. அன்பு கூர்ந்து மீண்டும் முயலுங்கள்" என்றது ஒரு பெண் குரல்.

மீண்டும் முயன்றாள். மரம் மீண்டும் சிவந்தது. அன்றைக்கு நூற்றுக்குப் பதினொன்று. அந்தப் பதினொன்றும் நேரத்துக்கு வந்ததற்காக.

மறுநாள் நோயின் பெயர் தெரிந்தது. இடவல மாறாட்டம், இரண்டாம் நிலை. நோயாளியின் மூளை இடதை வலதாகவும் வலதை இடதாகவும் காண்கிறது.

மரம் எப்படித் திரும்பியது என்பதை ஒரு நாள் தே தாரிக் குடிக்கும்போது தர்ஷிகாவே ஷாமினியிடம் சொன்னாள். மையம் தொடங்கும்போது பெரிய பேனர் ஒன்று அடித்தார்கள். ஒரு பக்கம் இயக்குநரின் முகம். மறுபக்கம் பால் வெட்டும் ஒரு பெண்ணின் படம். அச்சாகி வந்த பிறகுதான் சம்பிரதாயப் பிரிவு கவனித்தது: அந்தப் பெண் இயக்குநருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். உடனே படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டார்கள். பெண் மரியாதையாக இயக்குநரைப் பார்த்தாள். மென்பொருள்காரர்கள் ரப்பர் மரத்தை நேரில் கண்டதில்லை; அந்தப் பேனரைப் பார்த்துத்தான் மரம் செய்தார்கள்.

"அப்போ சொல்ல வேண்டியதுதானே, தர்ஷிகா?"

"சொன்னேன் அக்கா. கம்ப்ளெய்ன் ஃபாரத்துல நோயாளி பத்தி, கருவி பத்தி, கழிவறை பத்தி எழுத இடம் இருக்கு. மரம் பத்தி எழுத இடம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியில கழிவறைங்கற இடத்துல எழுதிப் போட்டேன். மறுநாள் ஆள் வந்து டாய்லட்ட கழுவிட்டுப் போனாங்க."

ஷாமினி நேரே டாக்டரிடம் போனாள். தாயம்மா கதவோரம் நின்றாள்.

"டாக்டர், ஒங்க மரம் தப்பு. அம்மா வெட்டுறதுதான் சரி. ஒரு நாள் தோட்டத்துக்கு வந்து உண்மையான மரத்தப் பாருங்க, ப்ளீஸ்லா."

டாக்டர் கிருபானந்தன் கோபப்படவில்லை. கோபப்படுவது நெறிமுறையில் இல்லை.

"மகள், மூன்று குழுக்கள் அந்த மரத்தைப் பார்த்து ஒப்புதல் அளித்துவிட்டன. மரம் தேறிவிட்டது. தேற வேண்டியது அம்மா. உண்மையான மரம் என்கிறீர்கள். அதில் காற்று அடிக்கும், ஈரம் இருக்கும், எறும்பு ஊரும், ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. அதை வைத்து எப்படி அறிவியல் செய்வது? உண்மைக்கு எங்களிடம் அங்கீகாரம் இல்லை. விளங்குதோ?"

சிகிச்சை தொடங்கியது. வாரம் மூன்று நாள், ஒரு நீளமான மெய்நிகர் தாழ்வாரத்தில் அம்புக்குறிகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும். இடது அம்பு வந்தால் வலது கையைத் தூக்க வேண்டும். வலது அம்பு வந்தால் இடது. பழைய பழக்கத்தை மூளையிலிருந்து பிடுங்குவது நோக்கம். அது நன்றாகவே வேலை செய்தது. மூன்றாம் வாரம் தாயம்மா வீட்டுக் குழாயை மூடுவதாக நினைத்துத் திறந்து அடுப்படியை நனைத்தாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு மங்கம்மா வீட்டுக்குப் போய்விட்டு, திரும்பும்போது வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்து உலை வைக்க அரிசி தேடினாள். மையத்தில் அவள் மதிப்பெண் முப்பத்தெட்டு, பிறகு நாற்பத்தாறு. ஏறுமுகம். அவள் கெட்டுப்போகிற வேகத்தைப் பார்த்து மையம் உற்சாகப்பட்டது.

"வீடு போயிரும்மா. நாப்பதாறு பத்தாது, எம்பது வேணும்" என்றாள் ஷாமினி. "பேசாம அவங்க சொல்றாப்லயே தப்பா வெட்டிட்டு வந்துடேன். பேப்பரு கைக்கு வந்ததும் நீ உன் பாட்டுக்கு வெட்டு."

"நான் என்னா வேணாம்னா சொல்றேன்? வெட்டலாம்னுதான் போறேன். மனசு சரிங்குது. மரத்துக்கு முன்னால நின்னா கை கேக்க மாட்டேங்குதுடி."

"அது மரமே இல்லம்மா. படம்."

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலியே."

டிசம்பர் பாதியில் வீரமுத்து வந்து வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார். புது ஆளுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, ஒன்றாம் தேதி வருகிறான். "சாமான்லாம் கட்டணும்னா சொல்லுங்கக்கா, லோரி நான் பார்த்துத் தரேன்" என்றார். தம்மால் முடிந்த உதவியைத்தான் சொன்னார். தாயம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து டத்தோ பட்டம் பெற்ற ஒரு பெரிய அதிகாரி மையத்தைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மையம் மூன்று நாள் சிகிச்சையை நிறுத்திவிட்டு ஒத்திகை பார்த்தது. தோட்டத்து நோயாளி என்று இருந்தவள் தாயம்மா ஒருத்திதான். டத்தோ முன்னால் பால் வெட்டிக் காட்ட அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"ஆண்ட்டி, இன்னைக்கு எம்பது எடுத்துட்டா அங்கயே லெட்டர் குடுத்துடுவாங்க" என்று தர்ஷிகா காதோரம் சொன்னாள். "கண்ண மூடிட்டு வெட்டுங்க. மரத்தப் பாக்காதீங்க. வலதுலேருந்து இடது. அவ்ளோதான்."

முதலில் டாக்டர் கிருபானந்தன் பேசினார்.

"டத்தோ அவர்களே, இம்மையம் தொடங்கி இரண்டு வருஷத்தில் நாங்கள் ஒன்பது மாநாடுகளில் கலந்துகொண்டிருக்கிறோம். நான்கு விருதுகள் பெற்றிருக்கிறோம். நோயாளிகளும் சிலர் வந்திருக்கிறார்கள். எங்களுடைய கருவி ஒருபோதும் தவறு செய்ததில்லை. தவறு செய்திருக்கிறதா என்று பார்க்கிற ஏற்பாட்டை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்."

கைதட்டல். தாயம்மாவைத் தோளைத் தொட்டு அழைத்துப் போய் நடுவில் நிறுத்தினார்கள். அவள் பார்ப்பதை எல்லோரும் காணும்படி பெரிய திரை. பெட்டியை மாட்டினாள். கண்ணை மூடினாள். வீட்டை நினைத்தாள், ஷாமினி பிறந்த அறையை நினைத்தாள், லோரியை நினைத்தாள். கத்தியை வலப்பக்கம் மேலே கொண்டுபோய் வைத்தாள். திரையில் ஒரு பச்சைப் புள்ளி ஒளிர்ந்தது. ஷாமினி மாரியம்மனைக் கூப்பிட்டாள்.

கை நகர்ந்தது. ஒரு விரற்கடை தூரம் தப்பாகப் போயிற்று. அப்புறம், யாரும் சொல்லாமல், கத்தி எழும்பி இடப்பக்கம் மேலே போய், அங்கிருந்து வலது கீழாக ஒரே இழுப்பாக இறங்கியது. சுத்தமான வெட்டு.

பேங்! பெரிய திரையில் மரம் ரத்தச் சிவப்பாய் நின்றது. "தவறு. அன்பு கூர்ந்து மீண்டும் முயலுங்கள்."

தாயம்மா பெட்டியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். போயிற்று.

டாக்டர் கிருபானந்தன் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "டத்தோ அவர்கள் இப்போது கண்டது எங்களுடைய வெற்றி! நான்கு ஆஸ்பத்திரி டாக்டர்களால் கண்டுபிடிக்க முடியாத நோயை எங்கள் கருவி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டது. அதுவும் இத்தனை பேர் முன்னிலையில்!"

பலத்த கைதட்டல். டத்தோவும் தட்டினார். பிறகு, விருந்து எப்போது என்பதுபோலச் சாதாரணமாக, "நல்லது. நிஜ மரத்தில் இந்த அம்மா எப்படி வெட்டுகிறார்?" என்று கேட்டார்.

கேள்வி என்று எதுவும் கேட்கக்கூடிய பதவியில் டத்தோ இல்லை. அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் உத்தரவுதான். பின்னால் நின்ற மூன்று பேர் குறிப்பு எழுதினார்கள். 'நிஜ மரத்தில் சோதனை. அறிக்கை, டிசம்பர் முப்பதுக்குள்.' டத்தோ அதற்குள் கறிபஃப் தட்டுப் பக்கம் போய்விட்டார்.

இருபத்தெட்டாம் தேதி விடிகாலையில் இரண்டு வேன்கள் பதினாலாம் காட்டுக்குள் வந்து சேற்றில் சிக்கின. டாக்டர் கிருபானந்தன் விலைச்சீட்டு கிழிக்காத ரப்பர் பூட்ஸோடு இறங்கினார். கொசு அவரை உடனே அங்கீகரித்தது. தர்ஷிகா கையில் டேப்லட். வீரமுத்து சற்றுத் தள்ளி நின்றார். ஷாமினி வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள்.

தாயம்மா நான்கு மாதத்துக்குப் பிறகு கத்தியைத் தொட்டாள். முதல் மரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை உரித்தாள். இடது மேலே கத்தியை வைத்து இழுத்தாள். பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது. பால் பொட்டுப் பொட்டாய் முளைத்து, ஒன்று சேர்ந்து, சாய்வில் இறங்கி, தகரத்தில் ஏறி மங்கில் விழுந்தது.

டாக்டர் அதைப் பார்த்தார். அவர் குடும்பத்தில் அதைக் கிட்டப் போய்ப் பார்த்த முதல் ஆள் அவர்தான். வெட்டைப் பார்த்தார். டேப்லட்டில் இருந்த மரத்தைப் பார்த்தார். மறுபடி வெட்டைப் பார்த்தார். தாயம்மாவுக்கு முதல்முறையாக அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது.

"அடுத்த மரம்" என்றார் டாக்டர்.

அடுத்த மரமும் அப்படியே. அதற்கடுத்ததும். முப்பது மரம் பார்த்தார்கள். முப்பதிலும் பழைய வெட்டுத் தழும்புகள்கூட இடது மேலிருந்து வலது கீழாகவே இறங்கின. முப்பதிலும் மங்கு வலப்பக்கம்.

தர்ஷிகா தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள். "சார், முப்பதும் ஒரே மாதிரி இருக்கு. ஒருவேளை நம்ம சாஃப்ட்வேர்..."

"தர்ஷிகா, நம்முடைய மரத்துக்கு மூன்று குழு ஒப்புதல் அளித்திருக்கிறது. இந்த மரத்துக்கு எத்தனை குழு?"

தர்ஷிகா வீரமுத்துவைப் பார்த்தாள். "குழுல்லாம் இல்லீங்க. ரெண்டு மழை, ஒரு உரம், அவ்ளோதான்" என்றார் வீரமுத்து.

"பார்த்தீரோ." டாக்டர் கழுத்தில் ஒரு கொசுவை அடித்தார். அவர் முகத்தில் மெல்ல ஓர் ஒளி பரவியது. "முப்பதில் முப்பது! மனிதர்களில் இவ்வளவு தெளிவான முடிவு எனக்குக் கிடைத்ததே இல்லை. இது மிகப் பெரிய கண்டுபிடிப்பு. எழுதிக்கொள்ளும். இடவல மாறாட்டம் இந்தக் காட்டின் மரங்களையும் பாதித்திருக்கிறது."

மங்குகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"மரத்துக்கா?" என்றாள் தாயம்மா.

"நீண்ட காலத் தொடர்பால் வந்திருக்கலாம். நீங்கள் எத்தனை வருஷமாக இவற்றோடு பழகுகிறீர்கள்?"

"முப்பத்தி நாலு வருஷங்க."

"அதேதான்! எழுதும், தர்ஷிகா."

"சார்" என்றாள் தர்ஷிகா. நல்ல பிள்ளை, அடங்கிய குரலிலேயே சொன்னாள்: "அப்போ இந்த ஆண்ட்டி இந்த மரங்கள வெட்டுறதுல ஒரு பிரச்சனையும் இல்லலா, சார்? ஒரே வியாதி. சரியான ஆள் வந்து வெட்டினா மரத்துக்குத்தான் ஆபத்து. டேட்டா கெட்டுடும்."

டாக்டர் அவளை வியப்போடு பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு அறிவியல் தெரியும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

முப்பதாம் தேதி மாலை கடிதம் வந்தது. ஷாமினி வாசலில் நின்று படித்துக் காட்டினாள். மங்கம்மாவும் வந்து நின்றாள்.

"நோயாளி குணமடையவில்லை."

தாயம்மா சாமான் கட்ட உள்ளே திரும்பினாள்.

"இரும்மா, இன்னும் இருக்கு. 'ஆனால் பதினாலாம் காட்டில் இவர் வெட்டும் முன்னூற்று இருபது மரங்களுக்கும் அதே குறைபாடு இருப்பதால், நோயாளியும் மரங்களும் ஒன்றுக்கொன்று பொருந்திச் செயல்படுவதாக இம்மையம் சான்றளிக்கிறது. ஆய்வு முடியும் வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு வருஷத்துக்கு, இவரைத் தவிர வேறு யாரும் அந்த மரங்களைத் தொடக் கூடாது.'"

"அப்போ எனக்கு நல்லாயிடுச்சா, இல்லியா?"

"இல்லம்மா. ஒனக்கு இருக்குறது மரத்துக்கும் இருக்காம்."

தாயம்மா யோசித்தாள். "அதான் இத்தன வருஷமா ஒத்துப் போச்சு" என்றாள்.

வீரமுத்து கடிதத்தை ஆபீஸ் விளக்குக்குக் கீழே வைத்து இரண்டு முறை படித்தார்.

"அக்கா, நீங்க நல்லா இருக்கீங்கன்னு இதுல எங்கயும் போடலியே."

"மரத்த வெட்டலாம்னு போட்டிருக்கா?"

"அது போட்டிருக்கு. சீல் இருக்கு, ரெண்டு கையெழுத்து இருக்கு. மேனேஜர் ஒன்னும் சொல்ல முடியாது. புது ஆள செம்பனைக்கு அனுப்பிடறேன்."

"அப்புறம் என்னா? நாளைக்குப் பிரட்டுல பேரக் கூப்பிடு."

மறுநாள் இருட்டு விலகாத நேரம், பிரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வீரமுத்து பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கடிதத்தில் உள்ளதை உள்ளபடி பதிய வேண்டும் என்று ஆபீசில் சொல்லியிருந்ததால், தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்:

"பதினாலாம் காடு! தாயம்மா, நோயாளி! கூட இன்னும் முன்னூத்தி இருபது நோயாளி!"

களமே சிரித்தது. தாயம்மா சிரிக்கவில்லை. வாளியை இடது கையில் எடுத்துக்கொண்டு, சாலையைப் பார்த்து நடந்தாள்.

"இந்தா தம்பி, பேரு கூப்பிட்டது போதும், ஆள விடு. வெயில் ஏறுனா நோயாளிங்க பால் குடுக்க மாட்டாங்க."